காய்ந்த எடை

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
சொத்து அறையின் சாவி
பதினோரு வருடமாய் என் இடுப்பில்.
ஒரே ஒரு ஜன்னல் இருந்தது.
தானே புயலுக்குப் பின்
பலகை அடித்து மூடிவிட்டார்கள்.

உள்ளே பிடி உடைந்த வெட்டரிவாள்கள்,
பெட்ரோல் டேங்க் இல்லாத பைக்,
புதுச்சேரி லேபிள் ஒட்டிய குவாட்டர்கள்
அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாய்.
அப்புறம் அது.
வெள்ளைத் துணியில், அரக்கு முத்திரையில்,
தூங்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாய்.

மழை நாளில் வாசம் எழும்.
வைக்கோல், வேப்பம்புகை,
நாள்பட்ட ஈரச் சாக்கு.
தலைமுடியில் ஏறிக்கொண்டால் சீயக்காய்க்கும் போகாது.
சாயங்காலம் பாகூர் பஸ்ஸில்
பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார்,
வெளியே பார்ப்பார்,
மறுபடி என்னைப் பார்ப்பார்.

எலிகளுக்கு முத்திரை ஒரு பொருட்டில்லை.
மூலையில் கொறித்துவிட்டு
மதியம் மூன்று மணிக்கு
நடு அறையில் வந்து உட்கார்ந்திருக்கும்.
துடைப்பத்தை ஓங்கினாலும்
யோசித்துத்தான் எழும்பும்.

சொத்து எண் நாற்பத்தொன்று.
தமிழ்வளவன், இருபத்திரண்டு, சிங்காரத்தோப்பு.
ஐஸ் உடைக்கும் வேலை.
பிடிபட்ட அன்று ஒரு கிலோ நாற்பது கிராம்.
துணியோடா, துணி இல்லாமலா, எழுதவில்லை.
சட்டம் ஒரு கிலோவில் கோடு போட்டிருக்கிறது:
இந்தப் பக்கம் ஓராண்டு வரை,
அந்தப் பக்கம் பத்தாண்டு வரை.
நாற்பது கிராம் என்றால்
ஒரு எலுமிச்சம்பழம்.

மார்ச்சில் மறுபடி நிறுக்கச் சொன்னார்கள்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
"எதைம்மா எழுதப் போற?" என்றார் டவாலி.
அரசு வக்கீல் செல்போனில் இருந்தார்.

அந்த வாரம்தான்
பீரோவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பேரேடு
கையில் வந்தது.
ஆப்காரி இலாகா, பசலி 1297.
பூச்சி தின்றது போக மிச்சம்:
'கூடலூர் பழய டவுன், கெஞ்சா கடை ஒன்று.
ஏலம் எடுத்தவர் தாண்டவராய முதலி.
வருஷக் குத்தகை ரூபாய் இருநூற்றுப் பதினாலு.
வாங்குவோர் பைராகிகள், மூட்டை தூக்கிகள்,
பட்டாளத்து ஆட்கள் சிலர்.
தராசு சர்க்கார் முத்திரை போட்டது.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.
அன்றைக்கு எடை குறைந்திருந்தால்
அபராதம் முதலிக்கு.
வாங்கினவனை ஏமாற்றிய குற்றம்.

நெல்லிக்குப்பம் ரோட்டு மருந்துக்கடை லோகாம்பாள்
கோரக்கர் மூலி என்பாள், குரலைத் தணித்து.
மயானக்கொள்ளைக்கு வரும் சாமியார் சிவமூலி என்பார், சத்தமாகவே.
எஃப்.ஐ.ஆரில் அது
'பூவும் காயும் கலந்த உலர்ந்த இலை'.
வண்டிப்பாளையத்திலிருந்து ஒருத்தி வந்தாள்.
குழாய்க்குள் யாரோ பேசுவதாக
மூன்று மாதமாய்ச் சொல்கிறானாம் அவள் மகன்.
"மொத்தத்தையும் கொளுத்துங்கம்மா" என்று
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
பேரேட்டை அவளிடம் காட்டவில்லை.
காட்டி?

முள்ளோடை தாண்டினால்
பத்தடிக்கு ஒரு ஒயின்ஷாப்.
என் வீட்டுக்காரர் சட்டப்படி குடிக்கிறார்.
சட்டப்படி என் தோட்டை அடகு வைத்தார்.
அதையும் ஒரு தராசு நிறுத்தது:
நாலு கிராம்,
கல் நீக்கி.

கேப்பர் மலையிலிருந்து
வாய்தாவுக்கு வந்தான் தமிழ்வளவன்.
பதினாலு மாதம் உள்ளே.
சட்டைக் காலருக்குள் கழுத்து
தனியாக ஆடியது.
வராந்தாவில் போலீஸ்காரருக்கு
ஏதோ மீன்விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

பதிவேட்டைத் திறந்து
912 என்று எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில்: 'காய்ந்தது.'
எலியை எழுதவில்லை.